ரிதம் ஓடுகிறது, லிக் வந்ததும் நிற்கிறது: மவுத் ஆர்கனில் எங்கே பிழை?

மவுத் ஆர்கனைத் தனியாக வாசிக்கும்போது பின்னால் கிட்டாரும் இல்லை, ட்ரம்ஸும் இல்லை. தாளத்தை நாமேதான் ஓட்ட வேண்டும், ப்ளூஸ் லிக்கையும், அதாவது சில ஸ்வரங்களாலான சின்ன மெட்டுத் துணுக்கையும், நாமேதான் இடையில் சொருக வேண்டும். ரிதம் தனியாக நன்றாக வரும். லிக்கும் தனியாக வரும். சேர்த்தால் உடையும். கற்றுக்கொள்கிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் சந்தேகம் இதுதான். நானும் இந்த இடத்தில் பல மாதங்கள் நின்றிருக்கிறேன்.

அமெரிக்காவின் தெற்கில் இந்த வாசிப்பு பெரிதும் ரயிலின் ஓசையைப் போலச் செய்வதிலிருந்து வந்தது. 1920களில் நாஷ்வில் வானொலியில் வாசித்த டிஃபோர்டு பெய்லி, 1938 டிசம்பரில் நியூயார்க் கார்னகி ஹால் மேடையில் அமர்ந்த சன்னி டெர்ரி ஆகிய இருவரின் ஒலிப்பதிவுகளையும் கண்ணை மூடிக் கேளுங்கள். ரிதத்தை நிறுத்திவிட்டு அவர்கள் லிக்குக்குப் போவதில்லை. மூச்சு ஒரு சக்கரம்போல உள்ளே வெளியே என்று போய்க்கொண்டே இருக்கிறது. லிக் அந்தச் சக்கரத்திலேயே ஏறி, அதிலேயே இறங்குகிறது. கீழே வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்தச் சக்கரம் எங்கோ நின்றதால் வருபவை.

சோதித்துப் பார்க்க ஒரு ரிதமும் ஒரு லிக்கும்

10 துளை டயட்டோனிக் ஹார்ப் (மவுத் ஆர்கனை வாசிப்பவர்கள் ஹார்ப் என்பார்கள்; டயட்டோனிக் என்பது ஒரே ஸ்கேலுக்கு அமைந்த வகை), ஸி ஸ்கேல், 'கிராஸ் ஹார்ப்' முறை. அதாவது ஸி ஹார்ப்பை வைத்துக்கொண்டு ஜியில் வாசிக்கிறோம். நம் கணக்கில் 1 கட்டை ஹார்ப்பில் 5 கட்டைப் பாட்டு. '2 இழு' என்றால் 2ஆவது துளையில் மூச்சை உள்ளே இழுப்பது, '4 ஊது' என்றால் 4ஆவது துளையில் ஊதுவது.

ரிதம்: 1, 2, 3 துளைகளைச் சேர்த்து வாயில் வைத்து இழு-இழு, ஊது-ஊது, இழு-இழு, ஊது-ஊது. இப்படிப் பல ஸ்வரம் சேர்ந்து ஒலிப்பதுதான் கார்டு. ஒரு பாருக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு, நாலு பீட், ஒவ்வொரு பீட்டிலும் இரண்டு மூச்சு. இரண்டும் சம நீளம் இல்லை. 'தகிட' என்று சொல்லி, நடுவில் உள்ள 'கி'யை மட்டும் விழுங்கிவிடுங்கள்: த-ட, த-ட. ஷஃபிள் என்பது இதுதான். திஸ்ர நடை பழகியவர்களுக்கு இது ஐந்து நிமிட வேலை.

லிக்: 3ஆவது பீட்டில் 4 இழு, 4 ஊது. 4ஆவது பீட்டில் 3 இழு, அரை ஸ்வரம் பெண்ட் செய்து, அதாவது சுருதியை வளைத்து இறக்கி. அடுத்த பாரின் முதல் பீட்டில் 2 இழு. ஸ்வரங்கள் டி, ஸி, பி ஃப்ளாட், ஜி. பெண்ட் இன்னும் வராதவர்கள் 3ஆவது துளையை விட்டுவிட்டு, அந்த பீட்டை மௌனமாகக் கடந்து 2க்குப் போகலாம். அப்போதும் ப்ளூஸ் வாசனை இருக்கும்.

“லிக்குக்குள் நுழையும்போது ஒரு குழி விழுகிறது”

ரிதத்தின் கடைசி ஊதலை முழு நீளத்துக்கு வாசித்துவிட்டு, பிறகு 4ஆவது துளையைத் தேடுகிறீர்கள். அந்தத் தேடலுக்கு நேரமே ஒதுக்கவில்லை. அதனால் 3ஆவது பீட் தாமதமாக விழுகிறது. கேட்பவர் காதில் அது குழியாக விழுகிறது. துளையைத் தேடும் வேகத்தைக் கூட்டிப் பயனில்லை, முந்தைய கார்டைக் குறுக்க வேண்டும். 2ஆவது பீட்டின் இரண்டாவது ஊதலைச் சூடான சாதத்தை ஊதுவதுபோலச் சின்னதாக, 'ஹ்' என்று மட்டும் விடுங்கள். மிச்ச நேரம் முழுதும் நகர்வதற்கு உங்கள் கையில் இருக்கும்.

இதை மூன்று படியாகப் பழகினால் பிடிபடும். முதல் படி, ஹார்ப்பைக் கீழே வைத்துவிடுங்கள். மூச்சை மட்டும் காலால் தாளம் தட்டியபடி வாசியுங்கள்: உள்-உள், வெளி-வெளி, உள்-வெளி, உள்ள்ள், உள். கடைசி நான்கும்தான் லிக்கின் மூச்சு. ரிதம் அந்த இடத்தில் கேட்கும் மூச்சிலிருந்து இது எங்கே மாறுகிறது என்பது உடனே தெரியும்.

இரண்டாவது படி, அதே மூச்சை ஹார்ப்பில் வையுங்கள், ஆனால் 1-2-3ஐ விட்டு நகராதீர்கள். லிக்கின் தாளத்தைக் கார்டாகவே வாசியுங்கள். பலரும் இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கிறார்கள். இங்கே தடுமாறினால் பிரச்சினை உதட்டில் இல்லை, மூச்சில்தான் என்று பொருள். தடுமாறாமல் இருபது முறை ஓடும்வரை இங்கேயே இருங்கள்.

மூன்றாவது படியில்தான் ஸ்வரங்கள். அதுவும் ஒன்றொன்றாக. 3ஆவது பீட்டில் 4 இழு மட்டும் தொட்டுவிட்டு உடனே ரிதத்துக்குத் திரும்புங்கள். அது நிலைத்த பிறகு 4 ஊது. பிறகு மீதி.

திரும்பி வரும்போது உடைகிறவர்களும் உண்டு. லிக் முடிந்ததும் ஹார்ப்பை வாயிலிருந்து லேசாக எடுத்துவிட்டு மறுபடி கார்டைத் தேடுகிறார்கள். தேடவே வேண்டாம். லிக் இறங்கும் 2 இழு, ரிதம் கார்டின் நடுவில் இருக்கும் துளை. ஹார்ப்பை அசைக்காமல் வாயை மட்டும் அகலப்படுத்தினால் 1-2-3 அங்கேயே இருக்கிறது. இறங்கும் ஸ்வரமே அடுத்த பாரின் முதல் 'த'. அதைத் தனி ஸ்வரமாகத் தொட்டு, அதே மூச்சில் வாய் விரிந்து 'ட' கார்டாக வரட்டும். இந்த ஒரு அசைவு கைவந்த நாளில் எனக்கு ரிதமும் லிக்கும் இரண்டு வேலையாகத் தெரிவது நின்றது.

“கார்டிலிருந்து வந்ததும் ஒற்றை ஸ்வரம் கலங்கலாக வருகிறது”

4 இழு கேட்டால் 3ம் 5ம் சேர்ந்து முனகுகின்றன. கார்டுக்கு விரிந்த வாய் சரியாகக் குவியவில்லை. உதட்டைக் குவித்து வாசிக்கிறவர்கள் 'ஆ'விலிருந்து 'ஊ'வுக்குப் போகும் தூரத்தைக் குறைக்க வேண்டும். ஹார்ப்பை உதட்டின் ஈரமான உட்பகுதியில் ஆழமாக வைத்துக்கொள்ளுங்கள். மேலுதடு அசையாமல், கீழ்த்தாடை மட்டும் வேலை செய்யட்டும். உதட்டு நுனியில் வைத்து வாசித்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முகம் முழுதும் அசைய வேண்டியிருக்கும். அந்த அசைவில் துளை தவறும்.

ஆனால் ரிதமும் லிக்கும் கலந்து வாசிப்பதுதான் உங்கள் நோக்கம் என்றால், நாக்கால் அடைக்கும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள் என்றே நான் சொல்வேன். வாயை விரித்து 1 முதல் 4 வரை நாலு துளையையும் மூடிக்கொள்ளுங்கள். நாக்கை ஹார்ப்பின் மேல் வைத்து 1, 2, 3ஐ அடைத்துக்கொள்ளுங்கள். வாயின் வலது ஓரத்தில் 4 மட்டும் ஒலிக்கும். இப்போது இழுத்துக்கொண்டே நாக்கை எடுங்கள்: முழு ஜி கார்டு. மறுபடி வையுங்கள்: 4 இழு மட்டும். ஹார்ப் நகரவில்லை, உதடும் நகரவில்லை. லிக்கும் ரிதமும் ஒரே இடத்தில் இருக்கின்றன, நாக்கு கதவைத் திறந்து மூடுகிறது, அவ்வளவுதான்.

இதிலிருந்தே 'ஸ்லாப்' பிறக்கிறது. ஸ்வரத்தைத் தொடங்கும்போது நாக்கை எடுத்த நிலையில் ஒரு கணம் கார்டைக் கேட்கவிட்டு, பட்டென்று நாக்கை வைத்தால் ஸ்வரம் அறைந்ததுபோல் கனமாக வந்து விழும். சிகாகோ ப்ளூஸ் வாசிப்பில் ஒரு ஸ்வரம் ஏன் அவ்வளவு பருமனாக இருக்கிறது என்பதற்குப் பாதி விடை இங்கே. ஒலிபெருக்கி மட்டும் செய்த மாயம் இல்லை அது.

நாக்கு முறைக்குப் புதிதாக மாறுகிறவர்களுக்கு முதல் சில வாரம் எச்சில் அதிகம் சுரக்கும், பெண்ட் காணாமல் போகும். பழகியதும் இரண்டும் சரியாகும். அதுவரை ரிதத்தையும் 4 இழுவையும் நாக்கு முறையில் வாசித்து, 3 இழு பெண்டை மட்டும் உதட்டைக் குவித்து வாசிப்பதில் தவறே இல்லை. இரண்டையும் கலந்து வாசிக்கிறவர்கள் நிறையப் பேர்.

“நாலு பார் தாண்டுவதற்குள் நெஞ்சு நிரம்பிவிடுகிறது, தலை சுற்றுகிறது”

தலை சுற்றினால் உடனே நிறுத்தி உட்காருங்கள். சாதாரண மூச்சு திரும்பும்வரை ஹார்ப் வேண்டாம். ஆஸ்துமாபோல நுரையீரல் சிரமம் உள்ளவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடர்வது நல்லது.

கிராஸ் ஹார்ப்பில் நல்ல ஸ்வரங்கள் பலவும் இழுவையில் இருக்கின்றன. இழுத்துக்கொண்டே போனால் காற்று உள்ளே சேர்கிறது, வெளியேற வழி இல்லை. மூச்சு போதவில்லை என்று நினைத்து இன்னும் பலமாக இழுக்கிறோம். உண்மையில் மூச்சு மிஞ்சிப்போயிருக்கிறது. அதைக் கொட்ட இடம் தேட வேண்டும். ரிதத்தின் ஊதல்கள் முதல் இடம். ஊதலை இழுவையைவிடக் கொஞ்சம் நீளமாக வைத்தால் கணக்கு நேராகும். இரண்டாவது இடம் மூக்கு. லிக் இறங்கி முடிந்த பிறகு ஒரு பீட் மௌனமாக விட்டு, மூக்கு வழியாகக் காற்றைத் தள்ளுங்கள். அந்த மௌனம் லிக்குக்கும் அழகு சேர்க்கும்.

மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது. 2 இழுவும் 3 ஊதும் ஒரே ஸ்வரம், ஒரே உயரத்தில் உள்ள ஜி. நெஞ்சு நிரம்பி இருக்கும்போது லிக்கை 2 இழுவில் இறக்காமல் 3 ஊதில் இறக்குங்கள். ஸ்வரம் அதேதான். காற்று மட்டும் வெளியே போகிறது. குரலின் நிறம் சற்று மாறும்; 2 இழுவைப்போல வளைத்து உருக்க முடியாது. ஆனாலும் மூன்று முறைக்கு ஒருமுறை இப்படி இறக்கினால் ப்ளூஸின் ஒரு சுற்றான 12 பாரும் மூச்சு முட்டாமல் ஓடும்.

“ரிதத்துக்குப் பிறகு 2 இழு, 3 இழு ஊமையாகிவிடுகின்றன”

கடையில் திருப்பிக் கொடுக்க நினைக்காதீர்கள். ரீடு, அதாவது உள்ளே அதிர்ந்து ஒலி தரும் தகடு, சரியாகவே இருக்கும். கார்டில் மூன்று ரீடுகளை அசைக்கப் போட்ட விசையை அப்படியே ஒற்றை ரீடின் மேல் போடுகிறீர்கள். அது தாங்காமல் திணறுகிறது, அல்லது தானாகவே பெண்டாகிச் சுருதி இறங்குகிறது. 2 இழு அதிகம் மாட்டிக்கொள்ளும் துளை, ஏனென்றால் அது ஒரு முழு ஸ்வரம் வரை வளையக்கூடியது. 3 இழு அதைவிட அதிகம், ஒன்றரை ஸ்வரம்.

லிக்கின் விசையைக் குறைப்பதைவிட ரிதத்தின் விசையைக் குறைப்பது சுலபம். ரிதத்தைப் பக்கத்து அறையில் தூங்கும் குழந்தை எழாத அளவுக்கு வாசியுங்கள். கார்டில் பல ரீடுகள் சேர்ந்து ஒலிப்பதால் மெல்ல வாசித்தாலும் நிறையக் கேட்கும். லிக் அந்த அளவில் தானாகவே மேலே தெரியும். இன்னும் தெரிய வேண்டுமானால் மூச்சைக் கூட்டாதீர்கள், கையைத் திறங்கள். ரிதத்தின்போது இரண்டு கையும் ஹார்ப்பைக் கிண்ணம்போல் மூடியிருக்கட்டும். லிக்கில் வலது கை விரியட்டும். சத்தமும் நிறமும் உடனே மாறும்.

2 இழு அப்போதும் திணறினால் தாடையைத் தளர்த்தி, நாக்கின் பின்பகுதியைக் கீழே இறக்கி, கொட்டாவி விடுவதுபோல் தொண்டையைத் திறந்து இழுங்கள். ஒரு சுலபமான சோதனை: 3 ஊதை நீளமாக வாசியுங்கள், அதன் சுருதியைக் காதில் பிடித்துக்கொண்டே 2 இழுவுக்கு மாறுங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். 2 தாழ்ந்து கேட்டால் இன்னமும் தேவைக்கு மேல் பலமாக இழுக்கிறீர்கள்.

“லிக் வந்தாலே வேகம் கூடிவிடுகிறது”

மெட்ரோனோமை 60இல் வைத்து, அதன் தட்டல் 2ஆவது, 4ஆவது பீட்களில் மட்டும் விழுவதாக எடுத்துக்கொள்ளுங்கள். 1ஐயும் 3ஐயும் உங்கள் கால்தான் காட்ட வேண்டும். வேகம் கூடினால் அடுத்த தட்டலிலேயே மாட்டிக்கொள்வீர்கள். ஓடுவதற்குக் காரணம் பெரும்பாலும் பயம், பெண்டைச் சீக்கிரம் முடித்துவிடும் அவசரம். ஆகவே 4ஆவது பீட்டில் வரும் 3 இழுவை வேண்டுமென்றே தாமதமாக விடுங்கள். ப்ளூஸில் பின்தங்கிய ஸ்வரத்துக்கு மரியாதை உண்டு, முந்திக்கொண்டதற்கு இல்லை. இரண்டு பார் ரிதம், அரை பார் லிக் என்ற கணக்கில் தொடங்குங்கள். லிக் நீள நீள வேகம் ஓடும்.

“துளை எல்லாம் சரி, ஆனால் ப்ளூஸாகக் கேட்கவில்லை”

3 இழுவை வளைக்காமல் வாசித்தால் கிடைப்பது பி. அது ஜி மேஜர் சாயல், சிரித்த முகம். அரை ஸ்வரம் இறக்கினால் பி ஃப்ளாட், மைனர் சாயல். ப்ளூஸின் உயிர் இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில் இருக்கிறது, பியானோவில் அந்தக் கட்டை கிடையாது. காந்தாரத்தைக் கமகத்தோடு பிடிப்பதைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இது புதிதல்ல: ஸ்வரம் ஒரு புள்ளியில் நிற்பதில்லை, ஒரு சிறு எல்லைக்குள் அசைகிறது. ஆனால் அசைவின் பாணி வேறு. இங்கே மேலிருந்து கீழே சரிவதும், கீழே தொடங்கி மெல்ல ஏறுவதும்தான் அதிகம்.

'க' என்று சொல்லும்போது நாக்கின் பின்புறம் அண்ணத்தைத் தொடுமே, அந்த இடத்தில்தான் பெண்ட் நடக்கிறது. முழுக்கத் தொடாமல் காற்றுப் போக இடுக்கு விட்டு, இழுத்துக்கொண்டே நாக்கைப் பின்னால் நகர்த்துங்கள். ஒரே துளைக்குள் இழு ரீடும் ஊது ரீடும் எதிரெதிராக இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து ஒலிக்கத் தொடங்கும்போதுதான் சுருதி இறங்குகிறது. உதட்டைப் பிதுக்குவதால் வருவதில்லை.

4 இழுவையும் அரை ஸ்வரம் தாழ்த்திப் பாருங்கள். அதோடு 5 இழு, அது எஃப்; ஜிக்கு ஏழாவது ஸ்வரம். இதை ரிதத்தில்கூடச் சேர்க்கலாம். 2-3-4-5 துளைகளை ஒன்றாக இழுத்தால் ஜி செவன்த் கார்டு. நாலு பாருக்கு ஒருமுறை, ஸி கார்டுக்குப் போவதற்குச் சற்று முன் அதை ஒரு முறை விட்டால் கதவு திறப்பதுபோல் இருக்கும்.

பெண்ட் எத்தனை முயன்றாலும் வராதவர்கள் கையில் இருக்கும் கருவியைப் பாருங்கள். நம் ஊர்க் கடைகளில் மவுத் ஆர்கன் என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவது இரண்டு வரிசைத் துளை கொண்ட ட்ரெமொலோ. அதில் ஒரு ஸ்வரத்துக்கு இரண்டு ரீடு, சற்றே சுருதி விலக்கி, அலை எழும்பும்படி வைத்திருக்கும். ஊதும் ரீடும் இழுக்கும் ரீடும் தனித்தனி அறைகளில் இருப்பதால் இந்த வகைப் பெண்ட் அதில் வராது. சினிமாப் பாட்டுக்கு அது அருமையான கருவி. இந்த வேலைக்கு 10 துளை டயட்டோனிக்தான் வேண்டும்.

சில சிறிய கோளாறுகள்

கிட்டாரோடு சேர்ந்தால் எதுவும் ஒட்டவில்லை என்றால் ஸ்கேலைப் பாருங்கள். பாட்டின் ஸ்கேலிலிருந்து ஐந்து அரை ஸ்வரம் மேலே உள்ள ஹார்ப்பை எடுக்க வேண்டும். பாட்டு ஜி என்றால் ஸி ஹார்ப், ஈ என்றால் ஏ ஹார்ப், ஏ என்றால் டி ஹார்ப்.

லிக் இனிமை, கார்டு மட்டும் கரகரப்பு என்றால் சுருதி அமைப்பு காரணமாக இருக்கலாம். ஹோனரின் மரைன் பேண்ட் கார்டு இனிக்கும் வகையில் சுருதி சேர்த்தது. அதே நிறுவனத்தின் கோல்டன் மெலடி நெடுங்காலம் பியானோவைப்போலச் சமச் சுருதியில் வந்தது. தனி ஸ்வரத்துக்கு நேர்த்தி, கார்டில் கொஞ்சம் உரசும். ரிதம் அதிகம் வாசிப்பவர் முதல் வகையைத் தேடுவது நலம்.

நடுவில் ஒரு ரீடு அடைத்துக்கொண்டால் எச்சில்தான். துளைகள் கீழ்நோக்கி இருக்கும்படி உள்ளங்கையில் நாலு தட்டு. சாப்பிட்டுவிட்டோ இனிப்பான காபி குடித்துவிட்டோ வாய் கொப்பளிக்காமல் வாசிக்க வேண்டாம்.

“எல்லாம் சரியாகப் போகிறது, 9ஆவது பாரில் இடிக்கிறது”

12 பார் ப்ளூஸில் முதல் நாலு பார் ஜி, அடுத்த இரண்டு ஸி, பிறகு இரண்டு ஜி, 9ஆவது டி, 10ஆவது ஸி, கடைசி இரண்டும் ஜி. ஜிக்கு இழு கார்டு இருக்கிறது. ஸிக்கு 1-2-3-4 ஊது. அந்த இரண்டு பாரிலும் ஊதலையே அழுத்தமான பீட்டில் வையுங்கள். சிக்கல் டியில்தான். ரிச்டர் அமைப்பில், அதாவது இந்த 10 துளை ஹார்ப்பின் ஸ்வர வரிசையில், டி மேஜர் கார்டு கிடையாது. பழக்கத்தில் 1-2-3ஐ இழுத்தால் ஜியும் பியும் வந்து டியோடு மோதுகின்றன. 4-5-6 இழுத்தால் கிடைப்பது டி மைனர், அதுவும் கிட்டாரின் மேஜர் கார்டோடு உரசும்.

வழி நாக்கில் இருக்கிறது. நாலு துளையை வாயால் மூடி, நடுவில் உள்ள 2, 3ஐ மட்டும் நாக்கால் அடைத்து இழுங்கள். இரண்டு ஓரத்திலும் 1ம் 4ம் ஒலிக்கும், இரண்டும் டி, ஒரு ஸ்தாயி இடைவெளியில். இதை ஷஃபிளில் 'த-ட, த-ட' என்று விட்டால் கார்டே இல்லாவிட்டாலும் ரிதம் ஓடிக்கொண்டே இருக்கும். நாக்கு முறை தெரியாதவர்கள் 1 இழுவை மட்டும் தாழ்ந்த குரலில் தட்டிக்கொண்டு போகலாம். 9ஆவது பார் முழுக்க இழுவையாக இருப்பதால், இடையிடையே மூக்கு வழியாகக் காற்றை வெளியே விட மறக்காதீர்கள். 10இல் ஸி ஊதல் வந்து மிச்சத்தைக் கொட்டிவிடும். 11இல் நம் சோதனை லிக்கை அப்படியே வைத்து 12இன் முதல் பீட்டில் 2 இழுவில் இறங்குங்கள். 12ஆவது பாரின் 3ஆவது பீட்டிலிருந்து 1 இழு, தாழ்ந்த டி. அதைப் பிடித்துக்கொண்டே கால் நாலு எண்ணி முடிக்கட்டும். அடுத்த மூச்சு மறுபடி 1-2-3 இழு, முதல் பார்.